மயிலாப்பூர் சந்தில் 240 கிலோ குதிரை!

ஞாயிற்றுக்கிழமை. காலை 5 மணி. இன்னும் விடியவில்லை.

அடையாறு தூங்கிக்கொண்டு இருக்கிறது. பால் வண்டி மட்டும் போகிறது. திடீரென்று ஒரு தெருவில் இருந்து சத்தம் கேட்கிறது.

"டுப்... டுப்... டுப்..."

ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் மூன்று. எல்லாம் பெரிய வண்டிகள். லாட்டிஸ் பாலம் சாலை வழியாகத் திருவான்மியூர் பக்கம் போகின்றன. ஓட்டுகிறவர்கள் தலையில் பெரிய ஹெல்மெட். கையில் உறை. முழங்காலில் கவசம். பார்த்தால், போர்முனைக்குப் புறப்பட்டவர்கள் போலத் தோன்றும்.

அவர்கள் எங்கே போகிறார்கள்? மாமல்லபுரத்துக்கு! எதற்கு? இட்லி சாப்பிட!

அடையாற்றிலேயே நல்ல இட்லி கிடைக்கும். அது அவர்களுக்கும் தெரியும். இட்லி ஒரு சாக்கு. போகவர அந்த 100 கிலோமீட்டர் ஓட்டவேண்டும். அதுதான் ஆசை.

வாரத்தில் மற்ற 6 நாட்கள் அந்த வண்டி என்ன செய்கிறது? அதுதான் இந்தக் கட்டுரையின் கதை.

சென்னையில் பிறந்த வண்டி

பெரிய மோட்டார் சைக்கிள் என்றால், தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது "புல்லட்". அந்தக் காலத்தில் கிராமத்து மிராசுதார் வருகிறார் என்பதை, அவர் முகத்தைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ளவில்லை. சத்தத்தைக் கேட்டே தெரிந்துகொண்டார்கள்.

"ராயல் என்பீல்டு" என்பது இங்கிலாந்துக் கம்பெனி. அது 1901-ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. "புல்லட்" என்ற பெயர் 1932-ல் வந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்தபின், எல்லையில் ரோந்து சுற்ற நம் ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. 350 சி.சி. புல்லட்டை ராணுவம் தேர்ந்தெடுத்தது. அவற்றை வரவழைத்துக் கொடுத்தது, சென்னையில் இருந்த "மெட்ராஸ் மோட்டார்ஸ்" நிறுவனம்.

1955-ல் அந்த நிறுவனமும் இங்கிலாந்துக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தன. வடசென்னையில், திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. முதலில் இங்கிலாந்தில் இருந்து பாகங்கள் கப்பலில் வந்தன. இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. தாய் இறந்துவிட்டாள், பிள்ளை சென்னையில் பிழைத்துக்கொண்டது! 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று.

1994-ல் "ஐஷர்" நிறுவனம் இதை வாங்கியது. பிறகு காஞ்சீபுரம் மாவட்டத்தில் ஒரகடத்திலும், வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் வந்தன. 2018-ல் இரட்டை சிலிண்டர் கொண்ட 650 சி.சி. வண்டி வந்தது. மற்ற நாட்டுக் கம்பெனிகளின் பெரிய வண்டிகளும் இப்போது சென்னையில் ஓடுகின்றன. அமெரிக்காவின் ஹார்லி, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ., ஜப்பானின் ஹோண்டா, இப்படிப் பல.

பழைய புல்லட்டை உதைத்து ஸ்டார்ட் செய்வது ஒரு கலை. முரட்டுத்தனமாக உதைத்தால், அது திருப்பி உதைக்கும்! கால் வீங்கிவிடும். அம்மீட்டர் முள்ளைப் பார்க்கவேண்டும். சிறிய நெம்புகோல் ஒன்றை அழுத்தி, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரவேண்டும். அப்புறம்தான் உதைக்கவேண்டும். அதைக் கற்றுக்கொண்டவர் தெருவில் ஒரு சின்ன வித்வான்! இப்போது பொத்தானை அமுக்கினால் போதும். வித்வான்களுக்கு வேலை இல்லை.

பத்து மூட்டை அரிசி

இந்த வண்டிகள் எவ்வளவு கனம் தெரியுமா?

மளிகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் "எக்ஸ்.எல்." வண்டி 90 கிலோவுக்கும் குறைவு. வீட்டுக்கு வீடு நிற்கும் ஸ்கூட்டர் 100 முதல் 110 கிலோ. ராயல் என்பீல்டின் "கிளாசிக் 350" வண்டி 195 கிலோ. நெடும்பயணத்துக்கு என்றே செய்த "சூப்பர் மீட்டியார் 650" வண்டி 241 கிலோ. கடையில் விற்கும் 25 கிலோ அரிசி மூட்டைகள் பத்தை ஒன்றாகக் கட்டினால் எவ்வளவு கனம் இருக்கும்? கிட்டத்தட்ட அவ்வளவு!

உலகத்தில் இதைவிடப் பெரியவையும் உண்டு. ஹோண்டாவின் "கோல்டு விங்" 1975-ல் வந்தது. இப்போது அதற்கு 6 சிலிண்டர். எஞ்சின் 1,833 சி.சி. ஒரு சிறிய காருக்குக்கூட அவ்வளவு பெரிய எஞ்சின் கிடையாது. அதன் பெரிய வகை 380 கிலோவுக்கு மேல். அதைக் காலால் பின்னுக்குத் தள்ள முடியாது. ஆகையால் கார் போல ரிவர்ஸ் ஓட வசதி செய்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ்! கேட்டால் சிரிப்பு வரும். தியாகராயநகரில் வண்டி நிறுத்திப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

இவ்வளவு கனம் எதற்கு?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ப் பார்த்தால் தெரியும். கோவளம் தாண்டினால் பல இடங்களில் திறந்த வெளி. கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். எதிரே புதுச்சேரி பஸ் வேகமாக வரும். அது கடந்து போகும்போது சிறிய வண்டி ஒரு ஆட்டம் ஆடும். ஓட்டுகிறவர் வயிறும் ஆடும். பெரிய வண்டி அவ்வளவாக அசையாது.

அதற்குக் கனம் ஒரு காரணம். நீளம் இன்னொரு காரணம். "சூப்பர் மீட்டியார்" வண்டியில் முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருக்கிறது. ஓடும் சக்கரம் பம்பரம் போன்றது. வேகமாகச் சுற்றும் பம்பரம் சீக்கிரம் சாயாது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையும் சாய்வாக இருக்கிறது. அதனால் சக்கரம் தானாகவே நேர்வழிக்குத் திரும்பப் பார்க்கும்.

எஞ்சினுக்கும் பதற்றம் இல்லை. 100 சி.சி. வண்டியை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், அது கதறும். கைப்பிடி நடுங்கும். ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். 650 சி.சி. வண்டிக்கு அந்த வேகம் உலாவப் போவது மாதிரி. லாரியை முந்தவேண்டுமா? சிறிய வண்டி லாரியின் பக்கத்திலேயே வெகுநேரம் ஓடும். அது ஆபத்தான நேரம். பெரிய வண்டி சட்டென்று கடந்துவிடும்.

பெட்ரோல் டாங்கியும் பெரிது. 15 லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஒரு முறை நிரப்பினால் 300 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். பின்னால் இரண்டு பெட்டிகளை மாட்டலாம். மனைவியும் முதுகு வலிக்காமல் உட்கார்ந்து வரலாம்.

காரில் போனால் ஊர் கண்ணாடிக்கு வெளியே நிற்கும். மோட்டார் சைக்கிளில் ஊர் மூக்கில் ஏறும். கோவளத்தில் கருவாடு. மரக்காணத்தில் உப்பளக் காற்று. மழை வருவதற்கு முன்னால் மண் வாசனை. மாதம் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருப்பவர்களுக்கு அது பெரிய சுகம். இப்போது பெண்களும் நிறையப் பேர் இந்த வண்டிகளை ஓட்டுகிறார்கள்.

சிலருக்கு மாமல்லபுரம் போதாது. இமயமலைக்குப் போகிறார்கள். லடாக்கில் "கார்டுங் லா" என்று ஒரு கணவாய் இருக்கிறது. அங்கே வெகுகாலம் இருந்த பலகையில் 18,380 அடி உயரம் என்று எழுதி இருந்தது. சரியாக அளந்தால் 17,582 அடிதான்! ஆனாலும் அங்கே மூச்சு வாங்கும். மனிதனுக்கு மட்டும் அல்ல, எஞ்சினுக்கும்! காற்றில் பிராணவாயு குறைவு. ஆகையால் பெட்ரோல் எரிந்து தரும் சக்தியும் குறைந்துபோகும்.

திங்கட்கிழமை!

ஞாயிறு முடிந்தது. அதே வண்டி. அதே ஆள். திங்கட்கிழமை காலை 9 மணி. இடம் மயிலாப்பூர், லஸ் முனை.

மெட்ரோ ரெயில் வேலைக்காக மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் பல இடங்களில் தகரத் தடுப்பு வைத்தார்கள். நான்கு வண்டி போன இடத்தில் இரண்டு வண்டி போகவேண்டி வந்தது. ஸ்கூட்டர்காரர் இடுக்கில் நுழைந்து போய்விடுகிறார். பெரிய வண்டிக்காரர் ஆட்டோவின் பின்னால் நிற்கிறார். நின்றுகொண்டே இருக்கிறார்.

அப்போது சூடு ஏறும். இந்த வண்டிகள் பலவற்றில் எஞ்சினைக் குளிர வைப்பது, எதிரே வரும் காற்றுதான். வண்டி நின்றால் காற்று ஏது? எஞ்சின் சூடு நேராகத் தொடைக்கும் முழங்காலுக்கும் வரும். கத்திரி வெயிலில் மேலே சூரியன், கீழே எஞ்சின்! நடுவில் ஆள் வேகவேண்டியதுதான். கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து இடது கை வலிக்கும். பெட்ரோலும் அதிகம் குடிக்கும். சிறிய வண்டி லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தந்தால், 650 சி.சி. வண்டி 25-ஐச் சுற்றித்தான் தரும். நெரிசலில் அதுவும் குறையும்.

சாலையில் ஓடும்போது கனம் நண்பன். நின்ற இடத்தில் அதே கனம் பகைவன். சுற்றாத பம்பரம் கீழே விழும் அல்லவா? மெதுவாக ஊர்ந்து போகும் பெரிய வண்டியும் அப்படித்தான். சரளைக்கல் மேல் கால் வைத்தால் வழுக்கும். கொஞ்சம் சாய்ந்தால் தாங்கலாம். அதற்கு மேல் சாய்ந்தால், பயில்வானாலும் தாங்க முடியாது.

தியாகராயநகரில் இன்னொரு தொல்லை. உஸ்மான் சாலை, ரங்கநாதன் தெரு, பனகல் பூங்கா. தீபாவளி சமயத்தில் அங்கே மனிதன் நிற்கவே இடம் இல்லை. எப்படியோ ஒரு இடம் பிடித்து வண்டியை நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள் நெருக்கி நிற்கும். ஸ்கூட்டர்காரர் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடுவார். பெரிய வண்டியை யார் தூக்குவது? இரு கைகளிலும் துணிக்கடைப் பைகளுடன் மனைவி நிற்க, கணவர் அங்குலம் அங்குலமாக வண்டியை இழுக்கும் காட்சி, பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

விழுந்தால் எப்படித் தூக்குவது?

பெரிய வண்டி வைத்திருப்பவர்களில் கீழே போடாதவர் அபூர்வம். விழுந்த வண்டியைக் குனிந்து, கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். வண்டி வராது.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் எஞ்சினை நிறுத்தவேண்டும். கியரில் போடவேண்டும். இல்லாவிட்டால் வண்டி உருண்டுவிடும். வலது பக்கம் விழுந்திருந்தால், பக்கவாட்டு ஸ்டாண்டை முன்கூட்டியே வெளியே எடுத்துவிடவேண்டும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, ஆசனத்தின் மேல் இடுப்பை ஒட்டி உட்காரவேண்டும். ஒரு கையால் கைப்பிடியையும், மறு கையால் பின்னால் உள்ள கம்பியையும் பிடித்துக்கொள்ளவேண்டும். முதுகு நேராக இருக்கவேண்டும். கால்களால் தரையை உந்தி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்கவேண்டும். வண்டி எழுந்துவிடும். இடுப்பு செய்ய முடியாததைத் தொடை செய்யும். நல்ல பழக்கம் உள்ள பெண்கள் தனியாகவே தூக்கிவிடுகிறார்கள்.

வாங்குவதற்கு முன்பே, கடைக்காரர் முன்னிலையில் வண்டியை ஒரு முறை தள்ளிப் பார்ப்பது நல்லது. ஓட்டிப் பார்க்கிறார்கள். தள்ளிப் பார்ப்பவர் குறைவு.

ஒரே லைசென்ஸ்!

இப்போது கொஞ்சம் கவலையான விஷயம்.

இந்தியாவில் 18 வயது ஆனவர், கியர் வண்டி லைசென்ஸ் வாங்கலாம். 100 சி.சி. வண்டியில் எட்டுப்போட்டுக் காட்டினால் போதும். அதே லைசென்ஸை வைத்துக்கொண்டு, மறுநாளே 1,000 சி.சி. வண்டியை ஓட்டலாம். சட்டம் தடுக்காது.

இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே படி படியாகத்தான் ஏற விடுகிறார்கள். 19 வயதில் 35 கிலோவாட், அதாவது 47 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டக்கூடாது. அதற்கு மேல் போகத் தனிச் சோதனை, கூடுதல் வயது. நம் 650 சி.சி. வண்டியின் சக்தி, அந்த 47 என்ற எல்லையில்தான் நிற்கிறது!

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. பள்ளிக்கூடப் பையன்கூடப் புரிந்துகொள்ளலாம். வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் போட்டபின் வண்டி நிற்க இரண்டு மடங்கு தூரம் போதாது. நான்கு மடங்கு தூரம் வேண்டும்! 40-ல் பழகிய கண், 80-ல் ஏமாந்துபோகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாடும் வரும். நாயும் வரும். எதிர்த்திசையில் ஸ்கூட்டரும் வரும்.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல், இருசக்கர வண்டிகளில் போனவர்கள். நம் நாட்டில் சிறிய வண்டிகளே மிக அதிகம் என்பதால், பெரிய வண்டிதான் ஆட்களைக் கொல்லுகிறது என்று சொல்வது நியாயம் ஆகாது. ஆனால் இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கு, சுற்றிலும் இரும்புக் கூடு கிடையாது. வண்டி எத்தனை லட்சம் ஆனாலும் சரி.

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிகளிலும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் "ஏ.பி.எஸ்." கருவி 2019 ஏப்ரல் முதல் கட்டாயம் ஆயிற்று. தமிழ்நாட்டில், சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி, 2015 ஜூலை 1-ந் தேதியில் இருந்து பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போடவேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாக அமுல் நடத்தத் தொடங்கினார்கள்.

சத்தம் கூடவேண்டும் என்று சைலன்சரை மாற்றுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? சட்டப்படி அது குற்றம். நடு இரவில் தொட்டில் குழந்தையை எழுப்பிவிட்டுப் போகிறவரை, அந்தத் தாய் வீரன் என்று நினைக்கமாட்டாள்.

வீட்டில் ஒரு வழக்கு

மந்தைவெளியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடு. வாசலில் மூன்று படி. அப்புறம் நீளமான நடை. அப்பா ஓய்வு பெற்றவர். மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வயது 24. அவனுக்கு 650 சி.சி. வண்டி வேண்டும்.

"எவ்வளவுடா விலை?" என்று அப்பா கேட்கிறார்.

மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல், 350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு வரி 40 சதவீதம் ஆனது. அரசாங்கத்தின் கணக்கில் 350 வரை வாகனம். அதற்கு மேல் ஆடம்பரம்! இன்சூரன்ஸும் கூட. டயரும் கூட. மாதத் தவணை கட்டும்போது, சம்பளத்தில் ஒரு பங்கு காணாமல் போகும்.

அம்மா வேறு கேள்வி கேட்கிறாள்: "பாட்டியைக் கபாலி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா?"

முடியாது. பின் ஆசனம் உயரம். முழங்கால் வலிக்காரர் ஏற முடியாது. பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளப் பிடியும், பின் சக்கரத்தில் புடவை சிக்காமல் மறைப்பும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அழகு கெடுகிறது என்று சிலர் அந்த மறைப்பைக் கழற்றிவிடுகிறார்கள். மிகப் பெரிய தவறு. கழற்றியவர் பாட்டியையோ மனைவியையோ ஏற்றவே கூடாது.

மழைக்காலம் வேறு இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்ததை யாரும் மறக்கவில்லை. சிறிய வண்டியை நான்கு பேர் பிடித்துத் திண்ணையில் ஏற்றிவிடலாம். 240 கிலோ வண்டி தெருவிலேயே நிற்கும். எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. செய்தால், உள்ளே உள்ள தண்டு வளைந்துவிடும். செலவு ஆயிரங்களில் நிற்காது.

மகன் சும்மா இருப்பானா? "லடாக் போகவேண்டும்" என்கிறான்.

அப்பா படித்தவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லே நகரத்திலேயே மோட்டார் சைக்கிள்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வருடத்தில் பத்து நாள் மலைக்குப் போக, 355 நாள் சுமையை ஏன் வாங்கவேண்டும்? 100 சி.சி. வண்டியிலேயே இமயமலை போய்த் திரும்பியவர்களும் உண்டு. இல்லையென்றால் 350 சி.சி. வண்டி வாங்கலாம். வரி குறைவு. கனமும் 50 கிலோ குறைவு. புதுச்சேரிக்கு அது தாராளம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு அந்த "டுப்... டுப்..." சத்தம் கேட்டவனுக்கு, இந்தக் கணக்கு ஏறாது. ஆசைக்கு லிட்டர் கணக்குத் தெரியாது. சொந்தச் சம்பாத்தியம். திருமணம் ஆகவில்லை. தங்கை படிப்பு முடிந்துவிட்டது. மாதம் இரண்டு முறையாவது நெடுஞ்சாலைக்குப் போவான். ஆபீசுக்கு ரெயிலில் போய்விடுவதாகச் சொல்கிறான். அப்படிப்பட்டவன் வாங்கினால், அதைத் தவறு என்று சொல்ல முடியாது. கடன் வாங்கி, வீட்டில் உள்ள ஒரே வண்டியை விற்று, அந்த இடத்தில் இதை நிறுத்தினால்தான் வீடு தடுமாறும்.

கடைசியில் அப்பா மூன்று நிபந்தனை போட்டார். பழைய ஸ்கூட்டரை விற்கக்கூடாது. நல்ல ஹெல்மெட்டும் கவசமும் வாங்கியபின்தான் வண்டி. இரவில் நெடுஞ்சாலை ஓட்டம் கிடையாது. பையன் ஒப்புக்கொண்டான்.

வண்டி வந்தது. வாசலில் நின்றது. மூன்று படி ஏற வேண்டுமே! தச்சரைக் கூப்பிட்டு, கனமான பலகை ஒன்று செய்தார்கள். எஞ்சினை ஓட வைத்து, முதல் கியரில், கிளட்ச்சை விட்டும் விடாமலும், பலகை மேல் ஏற்றவேண்டும். ஒருவர் பின்னால் நின்று பிடிக்கவேண்டும். முதல் நாள் அப்பாவின் கால் விரல் நசுங்கப் பார்த்தது.

ஞாயிறு தோறும் காலை 10 மணிக்குப் பையன் திரும்பி வருகிறான். முகம் எல்லாம் உப்புக் காற்று. பெட்டியில் அம்மாவுக்கு மாமல்லபுரத்துக் கல் பொம்மை. தெருமுனையில் "டுப்... டுப்..." கேட்டதும், நடையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி எழுந்திருக்கிறாள். தன் நாற்காலியைச் சுவர் ஓரமாக நகர்த்துகிறாள். "பலகையைப் போடுங்கள், குதிரை வந்தாச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறாள்.